வீட்டில் செய்த சாவி

பழைய விளையாட்டுப் பெட்டிகளின் டிஸ்க்குகள் வெயிலிலும் ஈரத்திலும் செத்துக்கொண்டிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியவர் தனக்கென ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பெட்டி தருவதில்லை.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள், பர்மிட் காகிதத்தோடு கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கு வண்டியேறிப் போகிறது. அதே கள் நாலு மைல் கிழக்கே நகர்ந்து பொள்ளாச்சிப் பக்கம் வந்தால் குற்றம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. மரம் ஒன்று, பானை ஒன்று. எல்லைக்கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் உலகிலும் 'வீட்டில் காய்ச்சியது' என்று ஒரு சரக்கு உண்டு. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'ஹோம்ப்ரூ'. ஒரு விளையாட்டுப் பெட்டியைத் தயாரித்த கம்பெனியின் அனுமதி இல்லாமல், சம்பளமும் இல்லாமல், ஆர்வலர்கள் அந்தப் பெட்டிக்கென எழுதும் சாஃப்ட்வேர் அது. இவற்றில் அதிகம் புழங்குவது, டிஸ்க்கில் இருக்கும் விளையாட்டைக் காப்பி எடுத்து, பென் டிரைவிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ அடுக்கி, அங்கிருந்தே ஆட வைக்கும் 'பேக்கப்' சாஃப்ட்வேர். இதுவும் கள்ளைப் போலத்தான். எந்தப் பக்கம் நின்று செய்கிறோம் என்பதைப் பொறுத்து நியாயம் அல்லது திருட்டு.

காப்பி எடுத்து வைக்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்பவர்கள் கேரள எல்லையின் இரண்டு முனைகளைப் பார்க்கலாம். வடக்கே பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் வாளையார், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம். மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும் பூமி. தெற்கே, மலைகளைத் தாண்டி இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தேயிலைத் தோட்டத்து லயங்களில் அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பின் மேல் பூஞ்சை பூத்துவிடும். இரண்டு இடத்திலும் வீட்டுப் பேச்சு தமிழ். இரண்டு இடத்துச் சீதோஷ்ணமும் டிஸ்க்குகளுக்கு எமன். வெயிலில் தட்டு நெளிகிறது. ஈரத்தில் அதன் விளிம்பு வழியாகக் காற்றும் நீரும் புகுந்து, உள்ளே இருக்கும் அலுமினியப் படலத்தை அரிக்கின்றன. 2001-இல் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானிகள், மத்திய அமெரிக்காவின் பெலீஸிலிருந்து வந்த ஒரு சி.டி.யை ஒருவகைப் பூஞ்சை தின்று ஓட்டை போட்டிருந்ததைக் கண்டுபிடித்து எழுதினார்கள். பெலீஸ் வெப்பமும் ஈரமும் கலந்த ஊர். இடுக்கிக்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இராது.

டிஸ்க்காவது கண்ணுக்குத் தெரிந்து கெடுகிறது. பெட்டிக்குள் அதைப் படிக்கும் லேசர் லென்ஸ் சொல்லாமல் சாகும். 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2, அதாவது பி.எஸ்.2, உலகெங்கும் 16 கோடிக்கு மேல் விற்ற பெட்டி. இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்கள் எட்டிப்பிடித்த முதல் 'சீமை' விளையாட்டுப் பெட்டி என்றும் அதைச் சொல்லலாம். அதற்கு முன் கிடைத்தவை பெரும்பாலும் ஜப்பான் பெட்டிகளின் உள்ளூர் நகல்கள். 2013 ஜனவரியில் பி.எஸ்.2 தயாரிப்பு உலக அளவில் நின்றது. இன்று அது பழுதானால் கம்பெனியிடம் போய் நிற்க முடியாது. செத்த பெட்டி ஒன்றிலிருந்து லென்ஸைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதுதான் வைத்தியம்.

லென்ஸே இல்லாமல் ஆட முடிந்தால்? ஹோம்ப்ரூ ஆசாமிகள் கேட்ட கேள்வி அதுதான்.

திட்டிவாசல் வழியே

பி.எஸ்.2 ஒரிஜினல் டிஸ்க்கில், சாதாரண டி.வி.டி. ரைட்டரால் எழுத முடியாத ஒரு முத்திரை இருக்கிறது. பெட்டி அதைத் தேடும். இல்லையென்றால் ஆட்டம் கிடையாது. இந்தப் பூட்டை உடைக்க ஆரம்ப காலத்தில் செய்தது 'சிப் போடுவது'. பெட்டியைப் பிரித்து, போர்டில் மயிரிழை போன்ற கம்பிகளை ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். கை நடுங்கினால் பெட்டி பணால். சென்னை பர்மா பஜாரிலும், தில்லி பாலிகா பஜாரிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும் காப்பி டிஸ்க் வியாபாரம் கொடிகட்டிப் பறந்ததற்கு இந்தச் சிப்தான் அஸ்திவாரம்.

2008-இல் வந்த 'ஃப்ரீ மெக்பூட்' கதையை மாற்றியது. பெட்டியைத் திறக்க வேண்டாம், ஈயம் வேண்டாம். பி.எஸ்.2 கண் விழித்ததும், தன் சிஸ்டம் புரோகிராமுக்குப் புது வடிவம் ஏதாவது மெமரி கார்டில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். பின்னாளில் திருத்தம் செய்வதற்காக சோனியே வைத்த ஏற்பாடு அது. கோயில் பெருங்கதவில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு இருக்குமே, அந்தத் திட்டிவாசல் மாதிரி. ஃப்ரீ மெக்பூட் தன்னை அந்தத் திருத்தமாகக் காட்டிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. மெமரி கார்டை எடுத்துவிட்டால் பெட்டி பழையபடி பரம சாது.

சோனி சும்மா இருக்கவில்லை. கடைசியாக வந்த மெல்லிய ரகத்தில், எண் 90000 வரிசையின் பிந்தைய பெட்டிகளில், இந்த வாசலை அடைத்தது. 2008-க்குப் பிறகு பி.எஸ்.2 வாங்கிய இந்திய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இந்த வரிசைதான். ஆகவே பழைய வழிமுறையைப் படித்துவிட்டு கார்டு வாங்கியவர்கள் பலர் ஏமாந்திருப்பார்கள். அவர்களுக்கு வழி பிறந்தது 2020-இல். அந்த ஜூனில் வெளியான 'ஃப்ரீ டி.வி.டி. பூட்', பி.எஸ்.2-வில் சினிமா பார்க்க வைத்திருக்கும் டி.வி.டி. பிளேயரின் ஓட்டை வழியே நுழைவது. ஒரு வெற்று டி.வி.டி.யில் எரித்துப் போட்டால் போதும். 'ஓப்பன்டூனா' இன்னொரு தந்திரம். மெமரி கார்டிலுள்ள ஒரு படக்குறியைப் படிக்கும்போது பெட்டி தடுக்கி விழும்படி செய்து, அந்த நொடியில் உள்ளே போகிறது. பின்னதற்கு லென்ஸ் உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை. லென்ஸ் போன பெட்டிக்காரருக்கு அது பெரிய விஷயம்.

உள்ளே போனபின் வேலை இரண்டு. ஃபைல்களை எடுக்க, வைக்க 'யூலாஞ்ச்எல்ஃப்'. விளையாட்டை ஓட்ட 'ஓப்பன் பி.எஸ்.2 லோடர்'. பின்னதைச் சுருக்கமாக ஓ.பி.எல். என்பார்கள்.

காப்பி எடுப்பது பெட்டியில் அல்ல, வீட்டுக் கம்ப்யூட்டரில். ஒரிஜினல் டிஸ்க்கை டி.வி.டி. டிரைவில் போட்டு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலாக, ஐ.எஸ்.ஓ. வடிவில் எடுக்க வேண்டும். பென் டிரைவை எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மட் செய்து, அதில் டி.வி.டி., சி.டி. என்று இரண்டு ஃபோல்டர்கள். டிஸ்க்கின் அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் முதலாவதில், நீலமாக இருந்தால் இரண்டாவதில் ஃபைலைப் போட வேண்டும். மெமரி கார்டையும் பென் டிரைவையும் செருகிப் பெட்டியைப் போட்டு, ஓ.பி.எல். மெனுவில் யு.எஸ்.பி. என்பதை இயக்கி, அந்த அமைப்பைச் சேமித்துவிட்டால் டி.வி. திரையில் விளையாட்டுகளின் பட்டியல் வரும். சொல்லும்போது சுலபம்.

உட்கார்ந்து செய்யும்போது முதலில் மாட்டுவது 4 ஜி.பி. என்ற கணக்கு. எஃப்.ஏ.டி. 32-இல் ஒரே ஃபைல் அதற்கு மேல் போக முடியாது. பெரிய விளையாட்டுகள் அதைத் தாண்டும். அவற்றைத் துண்டு போட்டு வைக்கத் தனி சாஃப்ட்வேர் வேண்டும். ஓ.பி.எல்.லின் பிந்தைய பதிப்புகள் எக்ஸ்.எஃப்.ஏ.டி. முறையைப் படிப்பதால் இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது. அடுத்தது வேகம். பி.எஸ்.2-வின் யு.எஸ்.பி. வாசல் பழைய 1.1 ரகம். விநாடிக்குச் சுமார் 1 எம்.பி.க்கு மேல் தள்ளாது. டிஸ்க்கிலிருந்து படிப்பது அதைவிடப் பல மடங்கு வேகம். விளைவு, ஆட்டம் ஓடும், ஆனால் நடுவே வரும் சினிமாத் துண்டுகள் விக்கும். கார்டு கெட்டுவிட்டது, பென் டிரைவ் டூப்ளிகேட் என்றெல்லாம் குழம்புபவர்களுக்கு உண்மையான காரணம் இதுதான். மெல்லிய பெட்டியில் நெட்வொர்க் கேபிள் செருக இடம் உண்டு. அதன் வழியே கம்ப்யூட்டரிலிருந்து ஓட்டினால் விக்கல் பெரும்பாலும் நிற்கும். பழைய தடித்த பெட்டி வைத்திருப்பவர் அதிருஷ்டசாலி. நெட்வொர்க் அடாப்டர் கிடைத்தால் உள்ளேயே ஹார்ட் டிஸ்க் மாட்டிக்கொள்ளலாம்.

8 எம்.பி. ஞாபகம்

பேக்கப் என்றதும் எல்லோரும் விளையாட்டு டிஸ்க்கையே நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் காப்பாற்ற வேண்டியது மெமரி கார்டு. டிஸ்க் அச்சடித்த சரக்கு. தேடினால் எங்காவது இன்னொன்று அகப்படும். கார்டில் இருப்பது அந்த வீட்டுப் பிள்ளை கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து கட்டிய கிரிக்கெட் அணி, முடித்த கட்டங்கள், தம்பியின் பெயரில் தொடங்கி பாதியில் நின்ற ஆட்டம். உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. கொள்ளளவு வெறும் 8 எம்.பி. இன்றைக்கு ஒரு செல்போன் போட்டோவுக்கே அந்த இடம் காணாது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பதிவு போயிற்று. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது வாடிக்கையான மலைத் தோட்டங்களில் இது கற்பனை ஆபத்து இல்லை.

யூலாஞ்ச்எல்ஃப் இங்கேதான் கைகொடுக்கிறது. மெமரி கார்டைத் திறந்து, வேண்டிய ஃபோல்டரைக் குறித்து, காப்பி என்று அழுத்தி, பென் டிரைவில் போய் ஒட்டினால் முடிந்தது. ஒரு நிமிடம் ஆகாது. ஃப்ரீ மெக்பூட்டைப் பதிக்கும்போது, பழைய பதிவுகள் உள்ள கார்டிலேயே பதிக்காமல் தனிக் கார்டில் பதிப்பது புத்திசாலித்தனம். ஒரே கார்டு எல்லாப் பெட்டியிலும் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு 'மல்டி' முறையில் பதித்தால், கார்டின் ஃபைல் அமைப்பு வேண்டுமென்றே குலைக்கப்படும். பிறகு அதில் எதையாவது அழிக்கப் போய் எல்லாம் அழிந்ததாகப் புலம்புவதில் பயனில்லை. 8 எம்.பி. கார்டுக்கு மேல் 64, 128 என்று ஸ்டிக்கர் ஒட்டி வரும் மலிவு கார்டுகளையும் நம்பிப் பொக்கிஷத்தை வைக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, பலரும் படிக்காத பிரிவு. கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர், அது தொலைந்துபோகாமலும் அழியாமலும் கெடாமலும் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்பி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. நிபந்தனை, எந்தக் காரியத்துக்காக அது வந்ததோ அதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். ஒரிஜினலை விற்றுவிட்டுக் காப்பியை வைத்துக்கொள்பவருக்கு இந்தக் குடை கிடையாது. நண்பனுக்கு ஒன்று, அண்ணன் மகனுக்கு ஒன்று என்று எடுத்துக் கொடுப்பதற்கும் கிடையாது.

அப்படியானால் பூட்டை ஏய்ப்பது? 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவு வந்தது. தொழில்நுட்பப் பூட்டை உரிமை மீறும் நோக்கத்தோடு ஏய்த்தால் இரண்டாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 'நோக்கத்தோடு' என்பதுதான் இங்கே முக்கியமான சொல். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஏய்ப்பதையே குற்றமாக்கி, பிறகு விதிவிலக்குகளைச் சில்லறையாக அளக்கிறது. இந்தியச் சட்டம் ஏய்த்தவன் எதற்காகச் செய்தான் என்று கேட்கிறது. சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகச் செய்தால் 65ஏ குறுக்கே நிற்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

இதை வைத்துக்கொண்டு மார்தட்டக் கிளம்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 52-ஆம் பிரிவு பேசுவது கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றி. ஒரு விளையாட்டு டிஸ்க்கில் புரோகிராம் மட்டுமா இருக்கிறது? பாட்டு, படம், வசனம் எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கும் அந்தச் சலுகை முழுசாகப் பொருந்துமா என்று வக்கீல்கள் வாதாட இடம் உண்டு. ஆனால் யாரோ எடுத்த காப்பியை இறக்கிக்கொண்டு ஆடுவதற்கும் 100 விளையாட்டு நிரப்பிய பென் டிரைவைக் கடையில் வாங்குவதற்கும் எந்த வாதமும் கிடையாது. திருட்டுப் புரோகிராம் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 63பி பிரிவில் குறைந்தது ஏழு நாள், அதிகம் மூன்றாண்டு சிறை. லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ அல்ல என்றால் நீதிமன்றம் சிறையை விட்டுவிட்டு 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு நிறுத்தலாம். ஆர்வலர்கள் எழுதிய சாவி ஒன்றுதான். அதைச் சொந்த வீட்டுக்குப் போடுபவரும் அடுத்த வீட்டுக்குப் போடுபவரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருப்பார்கள் என்பதுதான் சங்கடம்.

சாவி செய்பவர்களுக்குள்ளும் சண்டை இல்லாமல் இல்லை. நின்டென்டோவின் வீ பெட்டிக்கான புகழ்பெற்ற 'ஹோம்ப்ரூ சேனல்' திட்டத்தை 2025 ஏப்ரலில் அதை உருவாக்கியவர்களே மூடி வைத்தார்கள். தாங்கள் நம்பிப் பயன்படுத்திய ஒரு அடிப்படைத் தொகுப்பு, பிறருடைய நிரலைப் பெயர் சொல்லாமல் எடுத்து எழுதப்பட்டது என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு. வீட்டுச் சமையலில் அடுத்த வீட்டு மளிகை.

எல்லைப்புறக் குழந்தைகளுக்கு இந்த விவகாரம் அன்னியமானதல்ல என்பதற்குப் பள்ளிக்கூடம் காரணம். கேரள அரசு 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. அரசுப் பள்ளிகளின் கம்ப்யூட்டர்களில் ஓடுவது லினக்ஸ். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழ்வழி மாணவர்களுக்குக் கம்ப்யூட்டர் பாடநூல் தமிழிலேயே வருகிறது. 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' குழுக்களில் பிள்ளைகள் தாங்களே சின்ன விளையாட்டுகளும் அனிமேஷனும் செய்கிறார்கள். பள்ளியில் இருக்கும் அந்த லினக்ஸை முழுசாகக் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், சொல்லவும் முடியாது. அதே பிள்ளை வீட்டுக்கு வந்தால், அப்பா காசு கொடுத்து வாங்கிய பெட்டி, தன் டிஸ்க்கைத் தானே காப்பி எடுக்கக் கூடாது என்கிறது. டிஸ்க்கை ஐ.எஸ்.ஓ.வாக எடுக்கும் கட்டளை லினக்ஸில் ஒரே வரி என்பது கூடுதல் வேடிக்கை.

இந்திய டிஸ்க்குகள்

இதெல்லாம் பொழுதுபோக்கு, போனால் போகட்டும் என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாத ஒரு சிறு அடுக்கு இருக்கிறது. இந்தியர்கள் பி.எஸ்.2-வுக்குச் செய்த விளையாட்டுகள். 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' ஒன்று. கடவுளைக் கையில் பிடிக்கும் பொத்தானால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து ஒரு இந்து அமைப்பாளர் எதிர்ப்புக் குரல் எழுப்பியதால் அது செய்தியிலும் அடிபட்டது. அதே ஆண்டு, அதே ஊரின் கேம்சாஸ்த்ரா செய்த 'தேசி அட்டா' இன்னொன்று. கபடி, கிட்டிப்புள், பட்டம் என்று தெருவிளையாட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2011-இல் ஷாருக்கானின் 'ரா.ஒன்' படத்தோடு அதன் விளையாட்டும் வந்தது.

இவை மகத்தான படைப்புகள் என்று யாரும் சொல்லவில்லை. 'ஹனுமான்' ஆடியவர்கள் அதன் சண்டைக் காட்சிகளைப் புகழ்ந்ததாகவும் தெரியவில்லை. ஆனால் இந்தத் தொழில் இந்தியாவில் எப்படித் தவழ்ந்தது என்பதற்கு இவைதான் சாட்சி. கிட்டிப்புள் ஆடிய தலைமுறை அதை எப்படித் திரையில் வரைந்தது என்று நாளை ஒருவர் ஆராய வந்தால், அவருக்கு வேண்டியது பத்திரிகை விமர்சனம் அல்ல, ஓடும் பிரதி.

ஏட்டுச்சுவடிகளின் கதை தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பனையோலை நூறு, இருநூறு ஆண்டில் செல்லரிக்கும். அதற்குள் ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதினால் அந்த நூல் பிழைக்கும். எழுதாமல் விட்டு, ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவை போனவைதான். அச்சு வந்தபின் அரசு ஒரு ஏற்பாடு செய்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, தில்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். மட்டமான துப்பறியும் நாவலுக்கும் அங்கே இடம் உண்டு. அந்தச் சட்டம் பேசுவது புத்தகத்தையும் பத்திரிகையையும் பற்றி. விளையாட்டு டிஸ்க்கை அனுப்ப வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பணக்கார நாடுகள் மட்டும் வாழ்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் எந்த வடிவத்திலும் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வில் சொன்னது. ஆராய்ச்சியாளர்கள் தொலைவிலிருந்தே அவற்றை ஆடிப் பார்க்க நூலகங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை 2024 அக்டோபரில் அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. ஆகவே இன்றைக்கு இந்த டிஸ்க்குகளின் நூலகம் என்பது, வாங்கியவர்களின் வீட்டுப் பரண்தான்.

பரணில் அட்டைப்பெட்டி இருப்பவர்கள், முதலில் டிஸ்க்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரிந்தால் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது, இந்த மழைக்காலத்துக்கு முன் காப்பி எடுத்துவிடுவது நல்லது. பூஞ்சையோ தூசியோ மட்டும் என்றால் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் போடலாம். துடைப்பது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, நேர்கோடாக. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறலும் வட்டமாகவே ஓடும். லென்ஸ் அந்தக் கீறலோடு சேர்ந்தே சுற்றிக்கொண்டிருக்கும்.